பிளாஸ்க் மேடம்

"டீ வேணாங்க, கொண்டாந்திருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே ஜெயசித்ரா தோள்பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்து மேசைமேல் வைக்கிறாள். நிறுவனத்தின் மீன்சுருட்டிக் கிளை மேலாளர் பூவரசன் இரண்டு கையிலும் இரண்டு கண்ணாடி டம்ளர்களோடு நடு ஹாலில் நிற்கிறான். புதிதாக வேலைக்கு வந்த பிள்ளை, பாவம். இன்ஸ்பெக்‌ஷன் மேடம் வருகிறார் என்று எதிர்க் கடையில் சொல்லி, இஞ்சி தட்டிப் போட வைத்து, தானே ஓடிப்போய் வாங்கி வந்திருக்கிறான்.

"ஒரு வாய் குடிங்க மேடம். சக்கரை கம்மியாத்தான் போடச் சொன்னேன்."

"நீங்க குடிங்க தம்பி. ஆறிடப் போவுது."

அவ்வளவுதான். பிளாஸ்க்கின் மூடியைத் திருகிக் கழற்றி, அதிலேயே தன் டீயை ஊற்றி, நின்றபடி குடித்துவிட்டு, "சரி, வாங்க, ஊருக்குள்ள போவலாம்" என்று கிளம்பிவிடுகிறாள். ஒரு டம்ளரைக் குடிப்பதா, இரண்டையுமே குடிப்பதா என்று தெரியாமல் பூவரசன் பின்னாலேயே வருகிறான்.

பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்துக் கிளைகளிலும் அவளுக்குப் பேர் 'பிளாஸ்க் மேடம்' என்பதுதான். முகத்துக்கு நேரே யாரும் சொல்ல மாட்டார்கள். அவளுக்கும் தெரியும். ஒரு வீட்டுக்குப் போனால் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டாள். நம் ஊர்ப் பக்கம் வீட்டுக்கு வந்தவர் ஒரு வாய் டீ குடிக்காமல் போனால் வீட்டுக்காரிக்கு எப்படி இருக்கும்? செருப்பால் அடித்த மாதிரிதான் இருக்கும். "ஏன், எங்க வூட்டுல குடிச்சா ஆவாதா?" என்று சண்டைக்கே வந்த பெண்கள் உண்டு. அவர்களிடமும் சிரித்த முகமாக, "இல்லம்மா, கொண்டாந்திருக்கேன்" என்றே சொல்வாள். பித்தளையா, எவர்சில்வரா என்று தெரியாத அளவுக்கு நிறம் போன பழைய பிளாஸ்க் அது. மூடியில் ஒரு சொட்டை.

நிறுவனம் என்றால், பெண்களைக் குழுவாகச் சேர்த்துக் கடன் கொடுக்கும் ஒரு தனியார் நிறுவனம். குழுவில் ஒருத்தி கட்டவில்லை என்றால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும். கடன் வாங்கியதாகப் பேர் இருக்கிற பெண் உண்மையில் இருக்கிறாளா, உண்மையிலேயே வாங்கினாளா என்று வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது ஜெயசித்ராவின் வேலை. அதற்கு அவள் ஒரு வழி வைத்திருக்கிறாள். வாசலில் நின்று பேரைப் புருஷன் பேரோடு சேர்த்துச் சத்தமாகக் கூப்பிடுவாள். உள்ளே இருப்பவள் உடனே திரும்புகிறாளா, ஒரு கணம் யோசித்துத் திரும்புகிறாளா என்று பார்ப்பாள். சொந்தப் பேருக்கு யாரும் யோசிப்பதில்லை.

இந்தக் கண்ணை வீட்டு வாசலில் கழற்றி வைத்துவிட்டு வர அவளால் முடிவதில்லை. புருஷன் திருமுருகன் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிறார். வாலிகண்டபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வீட்டுக்கு இரண்டு நாளைக்கு ஒருமுறை வருவார். வந்ததும், "பசிக்கல ஜெயா, நீ சாப்பிடு" என்பார்.

"எத்தன புரோட்டா?"

"நான் எங்க புரோட்டா சாப்ட்டேன்?"

"சட்டப் பையப் பாருங்க. சால்னா."

அவர் குனிந்து பார்ப்பார். "போலீஸ்காரியக் கட்டியிருந்தாக்கூட ஏமாத்தியிருப்பேன். உன்னக் கட்டிக்கிட்டு என்னா பொழப்புடி இது!" என்று தலையில் அடித்துக்கொள்வார். அவளுக்குச் சிரிப்பு வரும். இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட உட்கார்வார்கள். புரோட்டாவுக்கு மேலே சோறும் அவருக்கு இறங்கும்.

இப்படிப்பட்டவள்தான் இந்த வயதில் பரீட்சைக்குப் படிக்கிறாள். மோசடியை ஆராய்பவர்களுக்கென்று வெளிநாட்டுச் சங்கம் ஒன்று நடத்தும் தேர்வு அது. நான்கு பகுதி, எல்லாம் இங்கிலீஷ், எல்லாம் கம்ப்யூட்டரில். தேறினால் பேருக்குப் பின்னால் மூன்று எழுத்து போட்டுக்கொள்ளலாம். திருச்சி மண்டல அலுவலகத்தில் நாற்காலி போட்டு உட்கார வைக்கிறோம் என்று நிறுவனமும் சொல்லியிருக்கிறது. தபால் வழியில் பி.காம். படித்தவள். அகராதியை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தாள். பெரம்பலூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் மொத்தப் புத்தகத்தையும் பிரிண்ட் எடுத்து, சுருள் கம்பி போட்டு, துண்டு துண்டாகப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் படிப்பாள். வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். அரியலூர் பஸ் கண்டக்டர் ஒருவர், "என்னா சாமிக்கு வேண்டுதல்மா?" என்று கேட்டே விட்டார். "பேங்க்குல திருடுறது எப்படின்னு படிக்கிறேங்க" என்றாள். அதற்கப்புறம் அவர் மீதிச் சில்லறையைக் கையில் கொடுக்கும்போது கொஞ்சம் யோசித்துத்தான் கொடுத்தார்.

ஊரும் நிறுவனமும் அவள் பதவிக்காகப் படிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தன. திருமுருகனும் அப்படித்தான் நினைத்தார். நாற்காலி யாருக்கு வேண்டும்? அவள் படித்தது கலையரசிக்காக. அந்தத் தடித்த புத்தகத்தில் எங்கேயாவது ஒரு மூலையில், கலையரசி செய்த காரியத்துக்கு மோசடி என்பதைத் தவிர வேறு ஒரு பேர் எழுதியிருக்காதா என்று தேடினாள். கிடைத்தால் அதை எடுத்துக்கொண்டு அரியலூரில் அவள் வீட்டுக்கு ஓடிப்போய், "பாத்தியாடி!" என்று காட்டி, அவள் கையால் ஒரு டீ வாங்கிக் குடிக்க வேண்டும். அந்த ஆசை நெஞ்சுக்குள் வருஷக்கணக்கில் கிடந்து அரித்துக்கொண்டிருந்தது.

கலையரசியும் ஜெயசித்ராவும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். திருச்சியில் பயிற்சி. ஒரே அறை, ஒரே பாய், பிறகு இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஸ்கூட்டி. காலையில் நான்கு ஊர்க் குழுக் கூட்டத்தை முடித்துக்கொண்டு வந்ததும் கலையரசிதான் டீ போடுவாள். ஏலக்காயை உரித்து, தோலைத் தூக்கிப் போடாமல் அதையும் தண்ணீரில் கொதிக்க விடுவாள். ஊற்றும்போது ஜெயசித்ராவின் டம்ளர்தான் தளும்பும். தன் டம்ளர் பாதிதான் இருக்கும். "எனக்கு நுர போதும்டி" என்பாள். அதைச் சொல்லும்போது உதட்டுக்கு மேலே நுரை ஒட்டியிருக்கும். சும்மா சொல்லக் கூடாது, அந்த மாதிரி டீயை ஜெயசித்ரா அதற்கப்புறம் எங்கேயும் குடிக்கவில்லை.

கலையரசி ஜெயங்கொண்டத்துக்கு மேலாளராகப் போனாள். ஜெயசித்ரா இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தாள். ஒரு வருஷம் ஆண்டிமடம் பக்கம் முந்திரி பூத்த நேரத்தில் பனி இறங்கி, பூவெல்லாம் கருகிக் கொட்டிவிட்டது. குழுப் பெண்களால் தவணை கட்ட முடியவில்லை. ஒருத்திக்காக இன்னொருத்தி கட்டி, இன்னொருத்திக்காக வேறொருத்தி கட்டி, கடைசியில் கட்டுவதற்கு யாரும் மிச்சமில்லை. தாலிக் குண்டை அடகு வைக்கப் போன பெண்ணைக் கலையரசி பாதி வழியில் மடக்கி வீட்டுக்கு அனுப்பினாளாம். அப்புறம்தான் அந்தக் காரியத்தைச் செய்தாள். கலியம்மாள் என்று ஒரு பழைய உறுப்பினர், பாக்கி இல்லாமல் கணக்கை முடித்திருந்தவர். அவர் பேரில் புதிதாக ஒரு கடன் எழுதி, அந்தப் பணத்தை மற்றவர்களின் தவணைக்குக் கட்டினாள். அடுத்த மகசூலில் எல்லோரும் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் என்று கணக்கு. தன் கைக்கு ஒரு காசு எடுத்துக்கொள்ளவில்லை.

ஜெயசித்ரா வழக்கம்போலக் கலியம்மாள் வீட்டுக்குப் போனாள். அப்போதெல்லாம் அவளிடம் பிளாஸ்க் கிடையாது. கொடுக்கிற இடத்தில் குடிப்பாள். "மாமியா காட்டுக்குப் போயிருக்கு" என்று சொன்ன மருமகள், உபசாரமாக ஒரு டம்ளர் டீயும் கொண்டுவந்து கொடுத்தாள். நல்ல டீ. அடியில் சர்க்கரை தங்கியிருந்தது. அதை விடக்கூடாது என்று கடைசி மடக்குக்கு டம்ளரை நன்றாகச் சாய்த்தாள். தலை பின்னால் போனது. கண் சுவரின் உச்சிக்குப் போனது. அங்கே பிளாஸ்டிக் மாலை போட்ட கலியம்மாளின் படம். கீழே 'மறைவு' என்று தேதி. கடன் கொடுத்த தேதிக்கு எத்தனையோ மாதம் முந்தைய தேதி. வாயில் இருந்த டீ இறங்க மறுத்தது.

நேரே ஜெயங்கொண்டத்துக்குப் போனாள். கலையரசி ஒன்றையும் மறைக்கவில்லை. டீயைப் போட்டுத் தளும்பத் தளும்பக் கொண்டுவந்து முன்னால் வைத்துவிட்டு, "ஆமாடி, செஞ்சேன்" என்றாள்.

"நீயே ஆபீஸ்ல சொல்லிடு, கலை. நான் எழுத மாட்டேன்."

"நீ எழுது. நான் சொல்லி நீ எழுதாம வுட்டா, ரெண்டு பேரும் சேந்து செஞ்சதாத்தான் ஆவும். எழுதுடி. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

ஜெயசித்ரா எழுதினாள். முன்னால் இருந்த டீயை அவள் தொடவில்லை. குடித்தால் எழுத முடியாது என்று பட்டது. ஏடு படிந்து அது அப்படியே ஆறிப்போனது. கலையரசி அந்த டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போன முதுகுதான் அவளுக்கு இன்றைக்கும் கண்ணிலேயே நிற்கிறது. கலையரசியின் வேலை போனது. அடுத்த மகசூலில் பெண்கள் கட்டிவிட்டார்கள், போலீஸ் வரைக்கும் போகவில்லை. ஆனால் யாருக்காகச் செய்தாளோ அந்தப் பெண்களே அவள் வீட்டுப் பக்கம் போகப் பயந்தார்கள். அவளோடு பேசினால் நமக்கும் கடன் கொடுக்க மாட்டார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். கோவிச்சுக்க மாட்டேன் என்றவள் கோபித்துக்கொள்ளவில்லைதான். பேசவும் இல்லை. தானாகப் போய்ப் பேச ஜெயசித்ராவுக்கும் வாய் வரவில்லை. அந்த ரிப்போர்ட்டை எழுதிய மறுநாளே பெரம்பலூர்க் கடைத்தெருவில் போய் ஒரு பிளாஸ்க் வாங்கினாள்.

புத்தகம் என்ன சொல்கிறது? மனுஷன் மோசடி செய்வதற்கு மூன்று காரணம் சேர வேண்டுமாம். ஒரு நெருக்கடி, ஒரு வாய்ப்பு, தன் மனசுக்குத் தானே சொல்லிக்கொள்ளும் ஒரு சமாதானம். அந்தப் பக்கத்தை அவள் எத்தனை முறை படித்தாளோ, பக்கமே எண்ணெய்ப் பிசுக்கு ஏறிவிட்டது. நெருக்கடி கலையரசியுடையது இல்லையே, அந்தப் பெண்களுடையதுதானே என்று பஸ்ஸில் புத்தகத்தோடு சண்டை போடுவாள். புத்தகம் அசைந்து கொடுக்கவில்லை. மூன்று பகுதி எழுதித் தேறினாள். வேறு பேர் கிடைக்கவில்லை. இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறதே, அதில் இருக்கலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

முதல் மூன்றையும் திருச்சியில் தம்பி வீட்டில் எழுதினாள். தம்பிக்கு ஓசூருக்கு மாற்றலாகிவிட்டது. நான்காவதைத் தன் வீட்டிலேயே எழுத உட்கார்ந்தாள். அங்கேதான் வந்தது வினை.

இந்தத் தேர்வுக்குக் கண்காணிப்பாளர் எங்கோ ஒரு தேசத்தில் உட்கார்ந்துகொண்டு லேப்டாப் கேமரா வழியாகப் பார்ப்பார். அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது. கதவு சாத்தியிருக்க வேண்டும். வாய் அசையக் கூடாது, கண் திரையை விட்டு விலகக் கூடாது. அன்றைக்கு இருந்தவர் ரொம்பக் கெடுபிடி. தோட்டைக் கழற்றச் சொன்னார். வளையலைக் கழற்றச் சொன்னார். தலையில் வைத்திருந்த பூவுக்குள் ஏதாவது இருக்குமோ என்று அதையும் எடுக்கச் சொன்னார். எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு, மூளியாக உட்கார்ந்து முதல் கேள்வியைத் திறந்தாள்.

அந்தத் தெருவில் பகலில் யாரும் வாசல் கதவைச் சாத்துவதில்லை. ஊருக்குப் போனால் பூட்டுத் தொங்கும். ஆள் இருந்தால் கதவு திறந்திருக்கும். ஆள் உள்ளே இருந்து கதவு சாத்தியிருந்தால், ஏதோ ஆகாதது நடந்துவிட்டது என்று அர்த்தம். பக்கத்து வீட்டுப் பாப்பாயி கறிவேப்பிலை கேட்டு வந்தவள், கதவைத் தட்டிப் பார்த்தாள். பதில் இல்லை. பக்கவாட்டு ஜன்னலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஜெயா... ஏ ஜெயா... என்னாடி ஆச்சு?"

ஜெயசித்ரா எப்படித் திரும்புவாள்? வாயைத் திறந்தால் தேர்வு போச்சு. போய்த் தொலையேன் பெரியம்மா என்று மனசுக்குள் கெஞ்சினாள். எரிச்சலில் கண்ணில் தண்ணீர் கட்டி வழிந்தது. பாப்பாயி பார்த்தாள். காதில் தோடு இல்லை. கையில் வளையல் இல்லை. தலையில் பூ இல்லை. கூப்பிட்டால் காது கேட்கவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் தாரை தாரையாக வருகிறது. லாரிக்குப் போன திருமுருகன் முந்தின நாளும் வரவில்லை. இதற்கு மேல் பாப்பாயிக்கு என்ன சாட்சி வேண்டும்?

"அய்யோ திருமுருகு! போயிட்டியா அய்யா!" என்று மாரில் அடித்துக்கொண்டு ஒரு குரல் எடுத்தாள் பாருங்கள், தெருவே திரண்டுவிட்டது. அவருக்குப் போன் போட்டார்கள். சுண்ணாம்புக்கல் பள்ளத்துக்குள் இருந்தார், போன் எடுக்கவில்லை. அவ்வளவுதான், உறுதியாகிவிட்டது. நான்கு ஆண்கள் தோள் கொடுத்து முட்டியதில் தாழ்ப்பாள் பிய்த்துக்கொண்டு வந்தது. உள்ளே பாய்ந்த பெண்கள் ஜெயசித்ராவைக் கட்டிக்கொண்டு கேமராவுக்கு முன்னாலேயே ஒப்பாரி வைத்தார்கள். கண்காணிப்பாளர் என்ன நினைத்தாரோ, திரை கறுத்துவிட்டது.

"அவரு நல்லாத்தான் இருக்காரு! நான் பரீச்ச எழுதுறேன்!" என்று அவள் கத்தினாள். "அதிர்ச்சியில புத்தி பேதலிச்சிருச்சு" என்றார்கள். சாயங்காலம் திருமுருகன் புரோட்டாப் பொட்டலத்தோடு தெருவில் நுழைந்தபோது வாசலில் பெஞ்சு போட்டிருந்தது, பந்தலுக்கு ஆள் போயிருந்தது. "யாருக்கு என்னா ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். பாப்பாயி ஓடிவந்து அவர் கன்னத்தில் ஓர் அறை விட்டு, அப்புறம் கட்டிக்கொண்டு அழுதாள்.

பிழைத்த சேதி மெதுவாக நடந்தது. செத்த சேதி அதற்குள் லாரிக்காரர்கள் வழியாக அரியலூருக்குப் போய்விட்டிருந்தது. பிய்ந்த தாழ்ப்பாளைத் திருமுருகன் ஆணி அடித்துச் சரி செய்துகொண்டிருந்தபோது ஜெயசித்ராவின் போன் அடித்தது. திரையில் 'கலை' என்று இருந்தது. அந்த எண்ணை அவள் அழிக்கவே இல்லை.

"ஜெயா... இப்பத்தான்டி கேள்விப்பட்டேன்..." அதற்கு மேல் கலையரசிக்கு அழுகைதான் வந்தது.

"கலை, அழுவாத. அவரு இருக்காருடி. இங்கதான் ஆணி அடிச்சுக்கிட்டிருக்காரு. சத்தம் கேக்குதா?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு சிரிப்பு. ஜெயசித்ராவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் எந்த இடத்தில் அழ ஆரம்பித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கதை முழுவதையும் சொன்னாள். எதற்காகப் படிக்கிறாள் என்பதையும் சொல்லிவிட்டாள்.

"ஒனக்காகத்தான்டி படிக்கிறேன். நீ செஞ்சதுக்கு வேற பேரு இருக்கான்னு பாக்குறேன்."

"இருக்கா?"

"இன்னும் ஒரு பேப்பர் பாக்கி."

கலையரசி பேச்சை மாற்றினாள். "எங்க வூட்டுக்கு வந்து எழுது. மாடி ரூமு சும்மாத்தான் கெடக்கு. கரண்டு போனா பேட்டரி இருக்கு. குவைத்துல இருக்குற மனுஷன்கிட்ட பேசணும்னு நெட்டும் நல்லதாப் போட்டிருக்கேன்" என்றாள்.

"யாராச்சும் வந்து தட்டிட்டா?"

"எங்க வூட்டுக் கதவ இப்ப யாருடி தட்டுறா? நீ வா."

ஜெயசித்ரா போனாள். மறுபடியும் பணம் கட்டி, தேதி வாங்கி, லேப்டாப்பையும் பிளாஸ்க்கையும் எடுத்துக்கொண்டு அரியலூர் பஸ் ஏறினாள். சிமென்ட் ஆலைத் தூசி படிந்த அந்தத் தெருவில் மற்ற வீட்டு வாசலெல்லாம் செருப்பாகக் கிடந்தது. கலையரசி வீட்டு வாசலில் ஒரே ஒரு ஜோடி. ஒரு காலத்தில் குழுப் பெண்களின் செருப்பு தெரு வரைக்கும் நீண்டு கிடந்த வீடு. ஜெயசித்ரா தன் செருப்பை அந்த ஜோடிக்குப் பக்கத்தில் விட்டாள். கலையரசிக்குக் காதோரம் நரைத்திருந்தது. டவுனில் ஒரு கடைக்கு ரவிக்கை தைத்துக் கொடுக்கிறாளாம். கூடம் முழுக்கத் துணி. "வாடி" என்றாள். பிளாஸ்க்கைப் பார்த்தாள். டீ குடிக்கிறாயா என்று கேட்கவில்லை.

மாடியில் உட்கார்ந்து, தோட்டையும் வளையலையும் கழற்றி வைத்து, கதவைச் சாத்திக்கொண்டு எழுதினாள். யாரும் தட்டவில்லை. நடுவில் அந்தக் கேள்வி வந்தது. ஒரு கிளை மேலாளர், இறந்துபோன ஒருவர் பேரில் கடன் எழுதி, அந்தப் பணத்தை மற்றவர்களின் தவணைக்குக் கட்டுகிறார், தனக்கென்று எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை, இது என்ன? நிர்வாகத் தவறு என்று ஒரு பதில் இருந்தது. நல்லெண்ணத்தில் செய்த விதிமீறல் என்று ஒன்று. கடனைச் சீர்ப்படுத்துதல் என்று ஒன்று. மோசடி என்று ஒன்று.

அவள் தேடிய பேர்களெல்லாம் அங்கேயே வரிசையாக இருந்தன. ஒன்றைத் தொட்டால் போதும். எந்தக் கலையரசி, எந்த ஆண்டிமடம் என்று அந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியவா போகிறது? நல்லெண்ணம் என்ற சொல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்போதுதான் கீழே தையல் மெஷின் ஓடவில்லை என்பது உறைத்தது. வந்ததிலிருந்தே ஓடவில்லை. தனக்குச் சத்தம் கேட்கக் கூடாது என்று ஒருத்தி கீழே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஜெயசித்ரா மோசடி என்பதைத் தொட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.

இறங்கி வந்தபோது கலையரசி மெஷினுக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"பாஸா?"

"மெயில் வரும்."

"என் கேள்வி வந்துச்சா?"

"வந்துச்சு."

"என்னா போட்ட?"

ஜெயசித்ரா மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். "வேற பேரு இல்லடி கலை. எல்லாத்தையும் படிச்சுட்டேன். இல்ல."

"அது எனக்கு அன்னைக்கே தெரியும். நீதான் நம்பாம புத்தகத்தத் தூக்கிக்கிட்டு அலையிற." கலையரசி மடியில் கிடந்த நூலைத் தட்டிவிட்டாள். "தப்பாப் போட்டிருந்தீன்னா நான் ஒன்ன எப்பயும் மன்னிச்சிருக்க மாட்டேன். அன்னைக்கு நீ எழுதுனது மட்டுந்தான் எனக்கு ஒரே ஆறுதல். என் கூட்டாளி திருட்டுத்தனம் பண்ணலன்னு."

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "களைச்சுப் போயிருக்க. பிளாஸ்க்குல இருக்குறத ஊத்திக் குடி. நான் ஒண்ணும் போடல, பயப்படாத."

போடவில்லைதான். ஆனால் ஜெயசித்ராவின் கண் சும்மா இருக்குமா? சமையல்கட்டு மேடையில் பால் பாக்கெட் உடைக்காமல் இருந்தது. பக்கத்தில் ஏலக்காய் உரித்து வைத்திருந்தது, தோல் தனியாக. ஒண்டியாக இருக்கிற வீட்டில் இரண்டு டம்ளர் கழுவிக் கவிழ்த்திருந்தது.

ஜெயசித்ரா பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். உள்ளே இருந்த டீ முழுவதையும் முருங்கை மரத்தடியில் கவிழ்த்தாள். குழாயடியில் அந்தச் சொட்டை விழுந்த மூடியை இரண்டு முறை அலசினாள். திரும்பி வந்து, கலையரசிக்கு முன்னால் நின்று, வெறும் மூடியை நீட்டினாள்.